சிறு பொருளில் நற்குதிரை

மதுரைப் பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் வாதவூரரின் கதையை அறியாத தமிழர் இலர். நரிகள் பரிகளாக மாறி மதுரைக்கு வந்தன. அரசன் ஏற்றுக்கொண்ட அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. இறைவனின் திருவிளையாடலைக் கூறும் அக்கதையில் உலகியல் உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. விற்பவர் கையில் பரியாக நின்றது, கயிறு நம் கைக்கு மாறியபின் வேறொன்றாகிவிடக்கூடும் என்பதே அது.

வரலாற்றிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையை அடைந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் வழியே பெரும் பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், பேணும் வகை அறியாமையால் அவற்றுள் மிகச் சிலவே ஆண்டிறுதிவரை உயிரோடிருந்தன என்றும் எழுதினார். குதிரைக்கு மருத்துவம் செய்யவல்லார் எவரும் அந்நாட்டுக்குச் சென்றுவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் கூற்று. வாங்குவதற்குப் பொருள் இருந்தது. வைத்துக் காக்கும் அறிவு இல்லை. அரசனுடைய கருவூலமே தாங்காத இழப்பை, மாதச் சம்பளக்காரரான நாம் தாங்க இயலுமா?

குதிரையில் இன்று நாட்டம் கொள்ளும் நம்மவர் வெளி மாநிலங்களில் சிலரேனும் உளர். புனேயிலோ ஜெய்ப்பூரிலோ குதிரையேற்றப் பள்ளியில் பயிலும் மகளுக்கு ஒரு குதிரை வாங்கித் தரலாமா என்று எண்ணும் தந்தை உண்டு. நகருக்கு வெளியே சிறிது நிலம் வாங்கி, ஓய்வு பெற்றபின் ஒரு குதிரையோடு காலம் கழிக்க விரும்புவோர் உண்டு. இவர்களிடம் ஆசை பெரிது; பொருள் சிறிது. அதனால் தவறில்லை. சிறு பொருளில் நல்ல குதிரை கிடைக்கும். ஆனால், எவற்றை விட்டுக்கொடுக்கலாம், எவற்றை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு சந்தைக்குச் செல்ல வேண்டும். சந்தையில் நின்று முடிவு செய்பவர் விற்பவரின் முடிவையே தம் முடிவாகக் கொண்டு திரும்புவர்.

முதலில் கணக்கு

குதிரையின் விலை ஒரு நாட் செலவு. அதன் தீனி ஆண்டு முழுவதும் நிகழும் செலவு. ஆதலின் கணக்கைத் தீனியிலிருந்தே தொடங்க வேண்டும். வளர்ந்த குதிரை தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு உலர்ந்த தீனி நாள்தோறும் உண்ணும். நடுத்தர நாட்டுக் குதிரை ஒன்றின் எடை 350 கிலோ என்று கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு 7 கிலோ வேண்டும். அதில் 5 கிலோ உலர்ந்த புல்லாகவும், 2 கிலோ தானியமாகவும் இருப்பின், ஓர் ஆண்டுக்கு 1,825 கிலோ புல்லும் 730 கிலோ தானியமும் ஆகின்றன. தானியம் என்றால் நம் ஊரில் கொள்ளு. வடக்கே பெரும்பாலும் ஓட்ஸ், பார்லி, கடலை ஆகியவை. நாம் வாழும் ஊரின் விலைவாசியைக் கேட்டறிந்து இவ்வெண்களோடு பெருக்கிப் பார்த்தால், நமக்குக் குதிரை கட்டுமா கட்டாதா என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

இதனோடு சேர்க்க வேண்டியவை இன்னும் சில. ஆறு அல்லது ஏழு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு எட்டு முறையென்று வைத்துக்கொள்ளலாம். குடற்புழு மருந்து, இசிவுநோய்த் தடுப்பூசி, பற்களை அராவுதல், எதிர்பாராமல் வரும் வயிற்று வலி, லாயத்து வாடகை, பராமரிப்பவரின் ஊதியம் எனச் செலவு நீளும். சேணம், கடிவாளம் முதலியவை தனி. ஆகவே, கையிலுள்ள தொகையில் பாதியை மட்டுமே விலைக்கென்று ஒதுக்கி, மறுபாதியைச் சேணத்துக்கும், மருத்துவருக்கும், பயணத்துக்கும், முதற்சில மாதத் தீனிக்கும் வைத்துக்கொள்வது நலம். அதன்பின் வரும் செலவு மாத வருவாயிலிருந்து இடர்ப்பாடின்றி வரவேண்டும்.

குதிரையைக் கொண்டு பணம் ஈட்டி, அதன் செலவை ஈடுகட்டலாம் என்ற எண்ணத்தோடு வாங்குவோர் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மும்பையில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடிய விக்டோரியா வண்டிகள் சட்டத்துக்கு மாறானவை என்று 2015ஆம் ஆண்டில் அந்நகர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரங்களில் குதிரை வண்டிக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது. குடியிருப்புப் பகுதியில் குதிரை வைத்துக்கொள்ள உள்ளூர் ஆட்சியின் அனுமதி தேவையா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

விட்டுக்கொடுக்கத் தக்கவை

சிறு பொருளினர் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது நிறம். வடநாட்டுத் திருமண ஊர்வலங்களில் மணமகன் ஏறிவரும் வெள்ளைக் குதிரைக்கு என்றும் கிராக்கி உண்டு. 'நுக்ரா' எனப்படும் தூய வெண்ணிறக் குதிரையின் விலையில் பெரும் பகுதி அந்நிறத்துக்கே உரியது. அதே உடற்கட்டும் அதே குணமும் உடைய செம்பழுப்புக் குதிரை குறைந்த விலைக்குக் கிட்டும். சவாரிக்கு இரண்டும் ஒன்றே.

இரண்டாவது, சுழி. நம் ஊரில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல், ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் மகாராட்டிரத்திலும் குதிரையின் மயிர்ச் சுழிகளைக் கொண்டு நன்மை தீமை கணிப்பர். தீய சுழி என்று கருதப்படுவது நெற்றியிலோ கழுத்திலோ ஒன்று இருந்துவிட்டால், எத்துணை நல்ல குதிரையாயினும் விலை இறங்கிவிடும். மயிர் வளரும் திசைக்கும் காலின் வலிமைக்கும் எத்தொடர்பும் இல்லை. அந்நம்பிக்கை இல்லாத ஒருவர், பிறர் ஒதுக்கிய குதிரையை மலிவாகப் பெறலாம். ஆனால் ஒன்று: நாளை நாம் விற்க நேரின், அதே சுழி நம் விலையையும் குறைக்கும். இதை அறிந்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது, வம்சப் பெருமை. செவிகளின் நுனி உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரையும், சௌராட்டிரத்துக் கத்தியவாரிக் குதிரையும் அழகின் உச்சம் என்பதில் ஐயமில்லை. அவற்றுள் பெயர்பெற்ற தாய் தந்தையர்க்குப் பிறந்தவை செல்வர்களுக்குரியவை. ஆயினும், வம்சாவளி ஏடில்லாத எளிய கலப்புக் குதிரைகள் அதே சந்தைகளில் நிற்கின்றன. கச்சு, சிந்தி வழிக் குதிரைகளும், தக்காணத்துப் பீம்தடி மட்டக்குதிரைகளும் வெப்பத்தையும் சிக்கனமான தீனியையும் தாங்குபவை. இமயச் சாரலில் வாழும் நம்மவர்க்கு ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா என்னும் குள்ளக் குதிரைகளே ஏற்றவை. சமவெளிக் குதிரை அம்மலைப் பாதைகளில் இடர்ப்படும்.

நான்காவது, இளமை. இதைப் பலர் ஏற்கமாட்டார். இரண்டு வயதுக் குட்டி மலிவாகக் கிடைக்கிறதே, வளர்த்துப் பழக்கிக்கொள்ளலாமே என்பர். குட்டியின் எலும்பு முதிர ஐந்து ஆண்டுக்கு மேலாகும். அதற்குமுன் பாரம் ஏற்றினால் கால்கள் கெடும். ஏற்றாமல் வைத்திருந்தால் மூன்றாண்டுத் தீனிச் செலவு குட்டியின் விலையை விழுங்கும். அதற்குப் பின்னும் பழக்கவல்லவர் ஒருவரைத் தேடவேண்டும். பழகாத குதிரையும் பழகாத சவாரிக்காரரும் ஒன்றுசேர்வது இருவருக்குமே இடர். குதிரை நன்கு பேணப்பட்டால் 25 ஆண்டும் அதற்கு மேலும் வாழும். எட்டு முதல் பதினான்கு வயதுவரை உள்ள, பல கைகள் ஏறி இறங்கிய, ஊர் ஓசைக்கு அஞ்சாத நடுவயதுக் குதிரையே முதன்முறை வாங்குவோர்க்குத் தக்கது. இளமையைத் தேடுவோர் இதை ஒதுக்குவதால் விலையும் அடக்கமாக இருக்கும்.

ஐந்தாவது, உயரம். குதிரையின் உயரத்தைத் தரையிலிருந்து பிடரியின் அடியிலுள்ள மேடு வரை, 'கை' என்னும் அளவால் கூறுவர். ஒரு கை நான்கு அங்குலம். பதினைந்து கைக்கு மேற்பட்ட உயரம் கண்ணைக் கவரும். விலையையும் தீனியையும் கூட்டும். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது நல்ல அளவுகோல். 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ வரை ஏற்றலாம். அவ்வளவே நம் தேவையெனில், பதினான்கு கை உயரக் குதிரை போதும்.

விட்டுக்கொடுக்கலாகாதவை

கால், குளம்பு, மூச்சு, கண், குணம் ஆகிய இவ்வைந்தில் குறையிருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டா. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. நாமோ உழைத்துச் சேர்த்த பொருளைக் கொடுத்து வாங்குகிறோம். பல்லையும் பார்க்க வேண்டும், பிறவற்றையும் பார்க்க வேண்டும்.

விற்பவர் கூறும் வயதைப் பல் கூறும் வயதோடு ஒப்பிடுவதே முதற்சோதனை. கீழ்த்தாடையின் முன்வரிசையில் ஆறு பற்கள் உண்டு. இரண்டரை வயதில் நடுவிலுள்ள இரண்டு பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். மூன்றரையில் அடுத்த இரண்டு. நாலரையில் ஓரத்து இரண்டு. ஐந்து வயதில் வாய் நிறைவுறும். நிலைப்பல்லின் மேற்பரப்பில் ஒரு குழிவு இருக்கும். தேய்மானத்தால் அக்குழிவு நடுப்பற்களில் ஆறு வயதளவிலும், அடுத்த பற்களில் ஏழிலும், ஓரப்பற்களில் எட்டிலும் மறையும். பத்து வயதளவில் மேல்தாடை ஓரப்பல்லில், ஈறின் அருகே ஒரு வரிப்பள்ளம் தோன்றும். பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கும். இருபதில் நுனியை எட்டும். பக்கவாட்டில் நின்று நோக்கினால், இளங்குதிரையின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் நேர்நிலையாகப் பொருந்தும். முதுமை ஏற ஏற முன்நோக்கிச் சாயும். தீனிக்கும் வளர்ப்புக்கும் ஏற்ப இக்கணக்கில் ஓரிரு ஆண்டு வேறுபாடு நேரலாம். முதிய குதிரையின் பல்லில் பொய்க்குழி தோண்டிக் கருக்கி, வயதைக் குறைத்துக் காட்டும் தந்திரமும் பழங்காலந்தொட்டு உண்டு. அங்ஙனம் செய்தோர் பல்லின் சாய்வை மாற்ற இயலாது என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

அடுத்து, குதிரை நிற்கும் நிலையைச் சிறிது தொலைவிலிருந்து காண்க. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி ஓய்வாக நிற்பது இயல்பு. முன்னங்கால் ஒன்றை முன்னே நீட்டி, பாரத்தை அதன்மேல் வைக்காமல் நிற்குமாயின், அக்காலில் வலி உண்டு. பின்னர் அருகிற்சென்று முழங்காலுக்குக் கீழே கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காலைத் தடவியபின் அதன் இணையையும் தடவி ஒப்பிட்டால் வீக்கமும் சூடும் எளிதிற் புலனாகும். கால்களைத் தூக்கிக் குளம்பின் அடியைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, மேலிருந்து கீழாகப் பிளவு, அடிப்பகுதியில் அழுகல் நாற்றம், குளம்புச் சுவரில் ஒழுங்கற்ற வளையங்கள் ஆகியவை தீய குறிகள். சந்தையன்று புதிதாக லாடம் அடித்து, எண்ணெய் பூசி மினுக்கிய குளம்பைக் கண்டால், மகிழ்வதற்கு முன் இருமுறை நோக்குக.

இனி ஓட்டிப் பார்த்தல். கடினமான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேர்கோட்டில் மெல்லோட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். கயிற்றை இறுகப் பிடித்துக் குதிரையின் தலையை உயர்த்தியே ஓட்டுவாராயின், அதற்கொரு காரணம் இருக்கலாம். முன்னங்கால் ஒன்றில் நோவிருந்தால், அக்கால் தரையில் படும்போது தலை மேலெழும்; நல்ல கால் படும்போது தலை தாழும். பின்னங்காலில் நோவிருந்தால் அப்பக்கத்து இடுப்பு மேலெழும்பித் தாழ்வதைப் பின்னின்று காணலாம். சிறு வட்டமாகச் சுற்றச் செய்தால், நேர்கோட்டில் மறைந்திருந்த நொண்டலும் வெளிப்படும்.

மூச்சைச் சோதிக்க, ஓட்டத்துக்கு முன் விலாவைக் கண்டு மூச்சை எண்ணுக. ஓய்விலிருக்கும் நல்ல குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். அதன் நாடி 28 முதல் 44 முறை துடிக்கும். கீழ்த்தாடை எலும்பின் உட்புறம் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். சிறிது நேரம் பாய்ச்சலாக ஓட்டி நிறுத்தியபின், தொண்டையில் கரகரப்பு ஒலி கேட்டாலோ, மூச்சு நெடுநேரம் அடங்காவிட்டாலோ, இருமல் தொடர்ந்தாலோ அக்குதிரை வேண்டா. கண்ணில் வெண்படலமோ நீர்வடிதலோ இருப்பினும் அங்ஙனமே. ஒரு கண் மங்கிய குதிரை தெருவில் திடுக்கிட்டுத் துள்ளும்.

குணமே எல்லாவற்றினும் பெரிது. குதிரையின் குணமறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று நம் முன்னோர் நகைச்சுவையாகக் கூறினர். செவியைத் தொடவும், காலைத் தூக்கவும், சேணம் பூட்டவும் இடங்கொடுக்கிறதா? துணைக் குதிரைகளை விட்டுத் தனியே செல்லுமா? லாரியின் ஒலிப்பானைக் கேட்டால் என்ன செய்கிறது? முதலில் விற்பவரையே ஏறி ஓட்டச் சொல்ல வேண்டும். அவர் ஏறத் தயங்கும் குதிரையின்மேல் நாம் ஏறுவது அறிவுடைமையன்று. பழகாத ஆண்குதிரையை முதன்முறை வாங்குவோர் தவிர்ப்பதே நலம். காயடித்த குதிரையோ, அமைந்த குணமுடைய பெட்டைக் குதிரையோ ஏற்றது. லாயத்து மரத்தைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கமுடைய குதிரையின் முன்பற்கள் விளிம்பில் தேய்ந்திருக்கும். அப்பழக்கத்தை மாற்றுவது அரிது.

எங்கே, எப்படி வாங்குவது

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ராஜஸ்தானத்துப் புஷ்கரிலும், பீகாரில் கங்கையும் கண்டகியும் கூடும் சோன்பூரிலும், ஆக்ராவை அடுத்த யமுனைக் கரையில் பட்டேசுவரிலும் பெருஞ்சந்தைகள் கூடுகின்றன. மார்கழியளவில் தத்த ஜயந்தியை ஒட்டி மகாராட்டிரத்தில் தாபி ஆற்றங்கரையிலுள்ள சாரங்கேடாவிலும், தை பிறக்கும் வேளையில் பஞ்சாபின் முக்தசரிலும், பங்குனியளவில் லூனி ஆற்று மணலில் தில்வாராவிலும் குதிரைகள் குவிகின்றன. ஆடியில் ஊருக்கு வரும் நம்மவர், அந்தியூர்க் குருநாத சுவாமி கோயில் விழாச் சந்தையைக் காணலாம்.

சந்தைகள் குதிரையைப் பற்றிக் கற்பதற்கு மிகச் சிறந்த பள்ளிகள். ஒரே நாளில் நூறு வாயையும் நானூறு காலையும் வேறெங்கும் காண இயலாது. ஆனால், புதியவர் முதல் ஆண்டில் கற்றுவருவதோடு நிற்பதே நன்று. சந்தையில் விற்பவர் இன்று இருப்பார், நாளை இரார். மயக்க மருந்தின் சோர்வில் தலைதாழ்த்தி, கீழுதடு தொங்க, அரைக்கண் மூடி நிற்கும் முரட்டுக் குதிரை அங்கே சாதுவாகத் தோன்றும். வலி மருந்து உண்ட நொண்டிக் குதிரை அங்கே நேராக ஓடும். மருந்தின் வேகம் தணிந்தபின் வீட்டில் நிற்பது, பரி நீங்கிய நரியே.

எனவே, பலகாலம் ஒரே இடத்தில் இருந்து, பலரும் அறிந்த குதிரையைத் தேடுக. குதிரையேற்றப் பள்ளியில் வேலைச்சுமை குறைக்கப்படும் குதிரை, பணிமாற்றம் பெற்று வேற்றூர் செல்லும் அலுவலரின் குதிரை, பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குச் சென்றுவிட்ட வீட்டுக் குதிரை ஆகியவை அத்தகையவை. முதல்முறை சொல்லிவிட்டுச் செல்லலாம். சில நாள் கழித்து இரண்டாம் முறை விடியற்காலையில், குதிரை லாயத்தைவிட்டு வெளிவருமுன் செல்ல வேண்டும். இரவு முழுதும் நின்ற குதிரை முதலடி எடுத்து வைக்கும்போது காலின் விறைப்பு தெரியும். நாம் வருமுன்னரே அதை ஓட்டிக் களைக்க வைத்திருந்தால், சேணத்தின் கீழ் வியர்வை காட்டிக்கொடுக்கும்.

பந்தய மைதானத்திலிருந்து விலக்கப்பட்ட குதிரைகளைப் பற்றி ஒரு சொல். மும்பை, புனே, பெங்களூரு, ஐதராபாத்து, கொல்கத்தா ஆகிய நகரங்களில் ஐந்தாறு வயதிலேயே பந்தயத்தைவிட்டு நீங்கிய உயர்சாதிக் குதிரைகள் வியத்தகு மலிவில் கிடைப்பதுண்டு. சிலவற்றின் கால் நாண்கள் பந்தயத்திலேயே நைந்தவை. மெல்லிய தோலும் துடிப்பான இயல்பும் உடைய அவை நாட்டுக் குதிரையைவிட மிகுதியாக உண்ணும். தேர்ந்த பயிற்சியாளரின் துணையுள்ளவர்க்கு அவை நல்வரவு. தனியே தொடங்குவோர்க்குப் பொருந்தா.

வடநாட்டுச் சந்தைக்குச் செல்வோர் சில சொற்களை அறிந்துகொள்வது பயன்தரும். பெட்டைக் குதிரையைக் 'கோடி' என்பர். விலையைத்தான் சொல்கிறார் என்று அஞ்ச வேண்டா. குதிரையின் குற்றம் 'ஐப்', நொண்டி 'லங்கடா', சுழி 'பௌன்ரி', லாடம் 'நால்', அதை அடிப்பவர் 'நால்பந்த்'. முன்பணம் 'பயானா'. "இதில் என்ன ஐப்?" என்று நேரே கேட்டுவிட்டு, விற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிறு குறை ஒன்றைத் தாமே சொல்பவர், ஒன்றுமே இல்லை என்று சாதிப்பவரினும் நம்பத் தக்கவர்.

விலை படிந்தபின்னும் பணத்தைக் கொடுத்துவிடலாகாது. விற்பவர்க்கு வேண்டியவரல்லாத கால்நடை மருத்துவர் ஒருவரை நாமே அழைத்துச் சென்று காட்ட வேண்டும். இரத்தச் சோதனை இன்றியமையாதது. 'கிளாண்டர்ஸ்' என்னும் கொடிய தொற்றுநோய் 2006 முதல் நம் நாட்டின் பல மாநிலங்களில் குதிரைகளிடம் மீண்டும் காணப்பட்டு வருகிறது. கெட்டியான மூக்குச்சளி, மூக்கினுள் புண், கால்களில் வரிசையாகக் கட்டிகள் ஆகியவை அதன் குறிகள். வெளிக்குறி எதுவும் இன்றியும் நோய் உள்ளே இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி இல்லை. நோயுற்ற குதிரையைச் சட்டப்படி கொல்லவேண்டி வரும். நோய் மனிதரையும் பற்றிக் கொல்லவல்லது. 1985ஆம் ஆண்டில் அரியானாவின் ஹிசாரில் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இச்சோதனையைச் செய்கிறது. உள்ளூர்க் கால்நடை மருத்துவமனை வழியே இரத்தத்தை அனுப்பலாம். குதிரைகளின் தொற்று இரத்தசோகைக்கும் உடன் சோதிக்கச் செய்வது நன்று. இதற்காகும் செலவைக் கண்டு தயங்கி, லாயத்தையும் குடும்பத்தையும் இடருக்கு உள்ளாக்குதல் கூடாது.

விலைச்சீட்டில் நிறம், அடையாளம், உயரம், வயது, பால், விலை, தேதி ஆகியவை இருக்க வேண்டும். குறித்த நாட்களுக்குள் மறைந்திருந்த குற்றம் தெரிந்தால் திருப்பிக்கொள்ள விற்பவர் உடன்படுவாராயின், அதையும் எழுதிக்கொள்க. வண்டியில் ஏற்றிச் செல்லும்போது, பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவச் சான்று உடனிருத்தல் வேண்டும்.

வாங்காமையும் ஒரு வழி

இத்தனையும் கணக்கிட்டபின், நமக்கு இது இயலாது என்று தோன்றுமாயின் அதில் இழிவில்லை. பள்ளிக் குதிரையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். உரிமையாளருக்கு மாதந்தோறும் தீனிச் செலவில் ஒரு பங்கு கொடுத்து, வாரத்தில் மூன்று நாள் சவாரி செய்யும் ஏற்பாடும் பல ஊர்களில் உண்டு. ஓராண்டு இவ்வாறு பழகியவர், பிறகு வாங்கும்போது பாதித் தவறுகளைச் செய்யார்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆராயாமல் வாங்கிய குதிரையால் நாம் இழப்பது பொருள் மட்டுமே. குதிரையின் இழப்பு அதனினும் பெரிது. வைத்துக்கொள்ள முடியாமல் பாதி விலைக்குக் கைமாறும் குதிரை, அடுத்த கையில் கால் விலைக்கு விற்கப்பட்டு, இறுதியில் செங்கற் சூளையில் வண்டியிழுத்து முடிவதுண்டு; நொண்டியானால் தெருவில் விடப்படுவதும் உண்டு. நகரச் சாலைகளின் நடுத்திட்டில் எலும்பு தெரிய நிற்கும் குதிரைகளை நேயர்கள் கண்டிருக்கலாம். ஒரு காலத்தில் அவற்றையும் யாரோ விரும்பியே வாங்கியிருப்பர்.

நல்ல குதிரை கிடைத்து வீட்டுக்கு வந்துவிட்டதாயின், முதல் பதினைந்து நாட்களில் பொறுமை தேவை. பிற குதிரைகளோடு சேர்க்காமல் தனியே கட்டுக. பழைய இடத்துத் தீனியில் சிறிது கேட்டு வாங்கி வந்து, அதனோடு புதிய தீனியை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாட்களில் மாற்றுக. திடீரென மாற்றினால் வயிற்று வலி வந்து உயிருக்கே உலை வைக்கும். தூய நீர் எப்போதும் இருக்கட்டும். வெயிற்காலத்தில் நாளுக்கு 40 லிட்டர் வரையிலும் குடிக்கும். இசிவுநோய்த் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் மருத்துவரைக் கேட்டு முதல் வாரத்திலேயே முடித்துவிடுக. சவாரியை அதன்பின் தொடங்கலாம்.